கை வைக்காத படம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் எதுவும் இல்லை. உனக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் வைத்தேன். நீ கேட்டது பெரிய விஷயம் இல்லை. உன் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸை வெளியே கொடுக்காமல் நானே கம்ப்யூட்டரில் செய்யவேண்டும் என்றாய். சரி என்றேன். "என் நெத்திக் கோட்ட வழக்கம்போல அழிச்சிடும்மா" என்றாய். அதற்கும் சரி என்றேன். பிறகு, "அப்பா படத்த ஓரமா சின்னதா போடு, போதும். போடலன்னா ஊர்ல பேசுவாங்க. மத்தபடி அவரு எனக்கு இன்னா செஞ்சாரு? மூஞ்சில ஒரு கோடு போட்டாரு, அவ்ளோதான்" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். உன் பக்கத்தில் யாரோ இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

அந்தத் தழும்புக் கோட்டைப் போட்டது உன் அப்பா இல்லை. நான்தான். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். ஆறாவதோடு நின்றவள் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். மூன்று நாளாக நம் போட்டோக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். நடுநடுவே யாராவது வந்து, "அண்ணன் இல்லியா?" என்று கேட்கிறார்கள். "இல்ல" என்கிறேன். "வர்றதுக்கு லேட்டாவுமா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உன் அப்பா போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. முதலில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். இப்போது, "நான் எடுத்துத் தரேன், கோட்டு போட்டுக்கங்க" என்று மட்டும் சொல்கிறேன்.

கடை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ பிறந்த புதிதில் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்காது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி, கீழே நம் கடையும் டீக்கடையும், மாடியில் லாட்ஜ். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு மேஜை, நடுவில் ஸ்டூல், பின்னால் நீலத் துணி. அந்த நீலத் துணிக்குப் பின்னால் மூன்றடி இடம் இருந்தது. நீ தூங்கினது, சாப்பிட்டது, எழுதிப் பழகினது எல்லாம் அங்கேதான். துணிக்கு முன்னால் யாரோ படத்துக்காக விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் நீ "அம்மா, ஆய்" என்று கத்துவாய். அவர்கள் சிரித்துவிடுவார்கள். உன் அப்பா அந்த நேரம் பார்த்து அமுக்கிவிடுவார். "என் பையன் உள்ள இருந்து சிரிக்க வெப்பான், அதான் நம்ம கடைல படம் நல்லா வருது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நீ இதை நம்பமாட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிற அப்பா சத்தம் போடுகிறவர்.

அன்றைக்கு உனக்கு நாலரை வயது. உன் தங்கச்சி ஒன்பது மாதம். அப்பா மணிமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "யாராவது வந்தா எடு. மூட்டய மட்டும் நவுத்தாத." நம்மிடம் அப்போது ஸ்டாண்டு லைட்டு ஒன்றே ஒன்றுதான், குடை மாட்டினது. மேல்பாரம் அதிகம், தொட்டால் சாயும். அதனால் பத்துக் கிலோ அரிசிப் பையில் மணல் நிரப்பி, வாயைத் தைத்து, ஸ்டாண்டின் காலில் போட்டு வைத்திருந்தார். அதைத்தான் மூட்டை என்போம்.

மதியம் லாட்ஜில் இருந்து ஏழெட்டுப் பையன்கள் இறங்கி வந்தார்கள். தெற்கே இருந்து வந்தவர்கள், மறுநாள் கம்பெனியில் சேரவேண்டும், பாஸ்போர்ட் சைஸ் படம் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். "எக்கா, மூணு மணிக்கு கான்ட்ராக்டர் வண்டி வந்துரும். அதுக்குள்ள குடுத்துருவீயளா?" என்றான் ஒருவன். கொடுத்துவிடலாம் என்றேன். கடையில் இருந்தது ஒரே கோட்டு, ஒரே டை. ஒருவன் கழற்றினால் அடுத்தவன் போடவேண்டும். நாலு பேரை எடுத்திருப்பேன், பாயில் விட்டிருந்த உன் தங்கச்சி வாசற்படி வரைக்கும் தவழ்ந்து போய்விட்டாள். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ரோடு. டிரெய்லர் லாரி போகிற ரோடு. ஓடிப்போய்த் தூக்கிவந்து பாயில் விட்டேன். மறுபடியும் போனாள். மறுபடியும் தூக்கினேன். பையன்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை அவளைத் தூக்கி வந்தபோது கண்ணில் பட்டது அந்த மூட்டைதான். இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் குறுக்கே போட்டேன். அவளால் அதைத் தாண்ட முடியவில்லை, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்தாள். நல்ல வேலை செய்தோம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது நீ துணிக்குப் பின்னால் இருந்து வந்தாய். அடுத்த பையன் தலை வாரிக்கொண்டிருந்தான், கோட்டு ஸ்டூல்மேல் கிடந்தது. நீ எடுத்து மாட்டிக்கொண்டாய். கை தெரியவில்லை, கோட்டு தரையில் இழுபட்டது. "ஏலே, மேனேஜர் வாராரு, எந்திரிங்கலே!" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் எழுந்து உனக்கு சல்யூட் அடித்தார்கள். "சார், எனக்கு ஓவர்டைம் உண்டா சார்?" என்றான் இன்னொருவன். நீ "உண்டு, உண்டு" என்று கையை ஆட்டிக்கொண்டே நடந்தாய். நானும் சிரித்தேன். கோட்டின் நுனி லைட்டு ஒயரில் மாட்டியது. நீ இழுத்தாய். ஸ்டாண்டு அப்படியே சாய்ந்து, லைட்டின் தகர விளிம்பு உன் இடது புருவத்துக்கு மேலே இறங்கியது.

அந்தப் பையன்களில் ஒருவன் சட்டையைக் கழற்றி உன் நெற்றியில் அழுத்திக்கொண்டான். அவன்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தான். அவனுக்குப் படம் எடுக்கவே இல்லை. அப்புறம் அவனை நான் பார்க்கவும் இல்லை. ஐந்து தையல். உன் பெரிய மாமா அங்கே பக்கத்தில் குடியிருந்ததால் செய்தி கேட்டு உன் அப்பாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வந்ததும் ஆரம்பித்தார்: "ரெண்டு கொழந்தய வெச்சிக்கினு உனுக்குக் கடைல இன்னா வேல? வூட்ல கெடக்க முடியாதா? உன் புருசன் இன்னாத்துக்குக் கீறான்? நாளைல இருந்து நீ கடைக்குப் போவக் கூடாது, அவ்ளோதான்." நான் உன் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.

உன் அப்பாவுக்கு டீக்கடைக்காரர் போன் செய்து சொல்லியிருக்கிறார். அவர் முதலில் திறந்து கிடந்த கடைக்குப் போய்ப் பூட்டிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசற்படியில் கிடந்த மூட்டையைத் தாண்டாமல் அவர் கடைக்குள் போயிருக்க முடியாது. பார்த்ததும் புரிந்திருக்கும். வந்தவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமா, "ஸ்டாண்டு எப்பிடி மாப்ள சாஞ்சிது? மூட்டன்னு ஒண்ணு வெச்சிருந்தியே?" என்றார். "நான்தான் மச்சான். காலைல அவசரத்துல வெக்காம பூட்டேன்" என்றார் உன் அப்பா. மாமா அவரைப் பேசாத பேச்சு இல்லை. நர்சு வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்லும்வரை பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து பார்த்தேன், மூட்டை ஸ்டாண்டின் காலில் இருந்தது. பூட்டுவதற்கு முன்னால் அவரே இழுத்துக்கொண்டு போய் வைத்திருக்கிறார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், நான்தான் என்று சொல்லியிருந்தால் அன்றோடு என்னைக் கடையை விட்டு நிறுத்தியிருப்பார்கள். எனக்குக் கடை வேண்டும். அதுதான் உண்மை. படிப்பு இல்லாதவள், எங்கே போனாலும் "ஓரமா நில்லு" என்று சொல்லிக் கேட்டவள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பெரிய படிப்புப் படித்தவரும் நான் சொல்வதைக் கேட்பார். தலையைக் கொஞ்சம் தூக்குங்க என்றால் தூக்குவார், மூச்சு விடாதீங்க என்றால் விடமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. உன் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கடை போய்விடக்கூடாதே என்ற நினைப்பு வந்தது. பெற்றவளுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வருமா என்று நீ கேட்கலாம். வந்தது.

மறுநாள் உன் அப்பா இன்னொரு மூட்டை தைத்துக்கொண்டு வந்தார். வாசற்படிக்கு அருகில் போட்டு, "இது உனுக்கு" என்றார். பழைய மூட்டையைக் காலால் தட்டி, "இது லைட்டுக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசினதே இல்லை, என்னோடு சண்டை போட்ட நாளிலும் சொல்லிக் காட்டவில்லை. மாமா சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் அது அப்பா செய்த தப்பாகவே ஆனது. நீயும் அப்படியே கேட்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் நெற்றித் தையலைப் பார்த்து உன்னைத் 'தையக்கடை' என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்கு அப்பாவைத்தான் போய் அடித்தாய். உன் சின்னக் கையால் அவர் வயிற்றில் அடித்தாய். அவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு நான் கம்ப்யூட்டரில் டச்சப் கற்றுக்கொண்டேன். அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். பருவை எடுப்பது, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, கலைந்த முடியைச் சரிசெய்வது. அவரைவிட எனக்கு நன்றாக வந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் உன்னை ஸ்டூலில் உட்காரவைத்து அப்பா பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உன் கோட்டை அழிப்பேன். பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் வைக்கவேண்டும், பத்து நிமிஷ வேலை. "அழிக்காத. அது அவன் மூஞ்சி" என்பார் அப்பா. "பாக்கறவங்க கேக்கறாங்க இல்ல" என்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. நாலாவது படிக்கும்போது உங்கள் டீச்சர் அட்டையையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது உன் தம்பி போட்டோவா?" என்று கேட்டதாக வந்து சொன்னாய். எல்லாரும் சிரித்தோம். நீ மட்டும், "அப்ப நான் யாரு?" என்று கேட்டாய். அதற்கும் நான் சிரித்துவைத்தேன்.

பன்னிரண்டாவது முடித்த லீவில் அப்பா உன்னைக் கடையில் வந்து உட்காரச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஒரு ஸ்டாண்ட ஒழுங்கா வெக்கத் தெரியாத ஆளு. உங்ககிட்ட நான் இன்னா கத்துக்கறது?" என்றாய். கடையில் கல்யாணத்துக்குப் பார்க்கிற படம் எடுக்க ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மவுசைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். நீ அதன் பிறகு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாய், கம்பெனியில் சேர்ந்தாய், லைனில் இருந்து சூப்பர்வைசர் ஆனாய், புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வரும்போது நீயும் அவரும் பேசிக்கொண்டது, "சாப்ட்டியா?" "ம்", இவ்வளவுதான். ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன், "நானே அவன்கிட்ட சொல்லிடட்டா?" என்று. "இன்னாத்துக்கு? இப்ப அவனுக்கு ஒருத்தர் மேலதான் கோவம். ரெண்டு பேர் மேல கோவப்பட்டா அப்புறம் யார் வூட்டுக்கு வருவான்?" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

உனக்கு வரப்போகிற பெண்ணும் வேலைக்குப் போகிறவள். குழந்தை பிறந்தாலும் வேலையை விடமாட்டேன் என்று நிச்சயத்தன்று என்னிடமே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். வேலையும் குழந்தையும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு மூட்டை போதாது, தம்பி. நான் மூட்டையை எடுத்தது தப்பா என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். எடுக்காமல் விட்டிருந்தால் உன் தங்கச்சி ரோட்டுக்குப் போயிருப்பாள். ஒரு மூட்டைதான் இருந்தது, அதுதான் தப்பு. உன் அப்பா மறுநாளே அதைப் புரிந்துகொண்டு இன்னொன்று தைத்தார். அவள் கை ஓயாமல் இருக்கிறபோது நீ பக்கத்தில் இன்னொரு ஆளாக நில். ஏதாவது நடந்துவிட்டால் யார் செய்தது என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள். ஒருவர் தப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்வது நல்ல மனசுதான். எடுத்துக்கொள்ள விட்டுவிட்டு நான் வாய் மூடி இருந்த மாதிரி நீயோ அவளோ இருக்கக்கூடாது.

இனி ஃப்ளெக்ஸ் விஷயம். ஓரமாக வைக்கவாவது அப்பா படம் ஒன்று வேண்டுமே என்று அவருடைய பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். அவர் காரியத்துக்குக் கூட யாருடைய கல்யாணக் கூட்டத்திலோ நின்ற படத்தை வெட்டித்தான் மாலை போட்டோம், உனக்குத் தெரியும். அந்த டிஸ்கில் கம்பெனி, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பேர் போட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அதற்குள் ஒன்று, 'தம்பி – கை வைக்காதது' என்று இருந்தது. திறந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் எடுத்த உன் படம். நான் அழிப்பதற்கு முன்னால் இருந்த படம். எல்.கே.ஜி.யில் இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் ஒன்றுகூட விடவில்லை. முதலில் தையல் பிரித்த சிவப்போடு, பிறகு கருத்து, பிறகு வெளுத்து, நீ வளர வளர அந்தக் கோடும் நெற்றியில் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. நான் கை வைத்து அழித்த படமெல்லாம் ஒரே பையன் மாதிரி இருக்கும். இதில்தான் நீ இருக்கிறாய்.

கடைசியில் ஒரு படம் வேறு மாதிரி. அப்பா கடையில் இருந்த அந்தக் கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தலை மேலே கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கேமராவைத் தாழப் பிடித்து எடுத்திருக்கிறது, அதனால் கீழே ஸ்டாண்டின் காலும் அதன்மேல் கிடக்கிற மூட்டையும் தெரிகிறது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. உனக்கு ஏழோ எட்டோ வயது, "நான் எடுக்கறேன்" என்று அடம்பிடித்து கேமராவை வாங்கினாய். "தலையத் தூக்குங்க, மூச்சு வுடாதீங்க" என்று என்னை மாதிரியே சொன்னாய். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருக்கிற படம் வேறு எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு அந்த டிஸ்கில் இருந்த இந்தப் படங்கள் எல்லாவற்றையும் பிரிண்டு போட்டு வைத்திருக்கிறேன். உன் தங்கச்சி கூரியரில் அனுப்புவாள். அப்பாவின் அந்தப் படத்தை ஃப்ளெக்ஸில் போடலாமா, போட்டால் எந்த அளவு என்று நீயே சொல். ஓரமாகச் சின்னதாகத்தான் வேண்டும் என்றால் அப்படியே வைத்துவிடுகிறேன், எனக்கு வருத்தம் இருக்காது என்று பொய் சொல்லமாட்டேன். தலை வெட்டுப்பட்டதை நான் சரிசெய்யவில்லை, சாய்வையும் நிமிர்த்தவில்லை, மூட்டையை வெட்டி எடுக்கவும் இல்லை.

உன் படத்திலும் இந்தத் தடவை கோட்டை அழிக்கப்போவதில்லை. அழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் வேறு ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்துகொள். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.

அம்மா